பெயரோடு படம் எடுப்போம்

கொழும்பு கொம்பனித்தெருவைப் பலரும் படம் எடுக்கிறார்கள். வானளாவிய மாடிகளின் கீழே ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தால் அழகான படம் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் யார் என்று படம் சொல்லாது.

1870ஆம் ஆண்டளவில் எழுந்த டி சொய்சா கட்டடம் இன்று இல்லை. அதன் முகப்பைக் காட்டும் படங்கள் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தவர்களின் பெயர்களை அப்படங்களில் தேடினால் கிடைக்குமா?

அதே பகுதியிலுள்ள வேகந்தப் பள்ளிவாசல் 1786இல் தோன்றியது. அதை அமைத்தவர் ஜாவாவிலிருந்து வந்த பந்தான் பாலி. அவர் அங்கேயே அடக்கப்பட்டிருக்கிறார். பெயர் எழுதி வைக்கப்பட்டதால்தான் இன்றும் அவரை அறிகிறோம். பழைய மையவாடிகளில் பல மீசான் கற்களில் எழுத்தே இல்லை. இருப்பதையும் மழையும் பாசியும் அழித்துவிடுகின்றன. அங்கே யார் அடங்கியிருக்கிறார் என்பது முதியவர்களின் நினைவில் மட்டுமே உண்டு.

ஆகவே, கமெராவோடு ஒரு கொப்பியும் கொண்டு போவோம். வீட்டாரிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் அனுமதி கேட்போம். மையவாடியில் முதலில் ஸலாம் சொல்வோம். கப்றுகளை மிதிக்காமல் நடப்போம். அங்கே செல்பி வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், தெரு, ஆண்டு என்பவற்றை எழுதுவோம்.

பெற்றோரே, பெண்பிள்ளைகளைத் தெருவில் தனியே விட நீங்கள் தயங்குவது எங்களுக்குப் புரிகிறது. அப்படியானால் எங்களோடு வாருங்கள். எங்கள் கமெராவுக்குத் தெரியாத பெயர்கள் உங்களுக்குத்தான் தெரியும்.