டாக்டருக்கும் காண்டிராக்டா?

காண்டிராக்ட் வேலை என்றால் என்னவென்று பால்மரம் வெட்டும் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே காண்டிராக்டில்தான் 2016 கடைசி முதல் இந்நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இளம் டாக்டர்கள் சேர்க்கப்பட்டார்கள் என்பதை நம் கிராணிமாரிலேயே பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

2021 ஜூலையை மறக்க முடியுமா? கோவிட் உச்சத்திலிருந்தபோது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நோயாளிகள் நாற்காலியிலும் தரையிலும் கிடந்தார்கள். அம்மாதம் 26-ந் தேதி காலை 11 மணிக்குக் காண்டிராக்ட் டாக்டர்கள் கறுப்பு உடையில் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஹர்த்தால் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதுவரை எடுக்கப்பட்ட 23,077 பேரில் நிரந்தரமாக்கப்பட்டவர்கள் 789 பேரே! முன்னணி வீரர்கள் என்று அவர்களுக்குக் கைதட்டிய நாட்களும் அவைதாம். வேலைநிறுத்தம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

கிள்ளானுக்கு இதைவிடப் பழைய கணக்கும் இருக்கிறது. 1901-ல் கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. அவ்வாண்டு அங்கே இறந்தவர்கள் 582 பேர். டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிக்க வேண்டும் என்றார். வடிகால் வெட்டப்பட்டது. மறு ஆண்டில் சாவு 144 ஆகக் குறைந்தது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, போகட்டும். வடிகாலை வெட்டிவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது தூர்ந்து கொசு திரும்பியிருக்கும் என்பதே நமக்கு இங்கே முக்கியம். கொள்ளைநோய் முடிந்ததும் டாக்டரையும் தாதியையும் நிலையில்லாமல் விடுவது அப்படிப்பட்ட வேலையே.

2023 ஜூனில் சுகாதார வெள்ளை அறிக்கை பாராளுமன்றத்தில் ஏற்கப்பட்டது. பதினைந்து ஆண்டுத் திட்டம். அரசின் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 5 சதவிகிதமாக்குவது அதன் நோக்கம். வரவேற்கிறோம். ஆனால் பணம் கட்டடமாக எழும்பி, உள்ளே ஆள் இல்லாமற்போனால் யாருக்குப் பயன்? சிங்கப்பூருக்கு டாக்டர்கள் போவதைத் துரோகம் என்று திட்டுகிறவர்கள், இங்கே அவர்களுக்கு என்ன உறுதி கொடுத்தோம் என்று கேட்பதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸரும் பெரும்பாலும் போய்விட்ட காலம் இது. லயத்துப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் கிளினிக்கில் காத்திருந்தால் அவளுக்கு அன்றைய பேர் போச்சு. ஆள் குறையக் குறைய அந்த வரிசைதான் நீளும். ஆகவே காண்டிராக்ட் டாக்டர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று ஆண்டுதோறும், ஆஸ்பத்திரிவாரியாக வெளியிடும்படி சுகாதார அமைச்சை நாம் கேட்கிறோம். கிள்ளானிலிருந்தே தொடங்கட்டும்.