கண்ணாடிப் பலகைக்குள் முப்பது நாள்

ஒன்பது ஆண்டுகளாக வழக்கறிஞர்களான நம் சேம்பர்களின் வாசலில் தொங்கிய பூட்டை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 28 அன்று கழற்றியது. வழக்கறிஞர் அலுவலகத்திலும் சங்க அறையிலும் ரகசியமாக நடக்கும் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்படி செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் சொல்லியிருந்தது. அதையே பிடித்துக்கொண்டு 2023 மே மாதம் ஓர் ஆட்கொணர்வு மனு தள்ளுபடியானது. சுயமரியாதைத் திருமணச் சான்று கொடுத்த வழக்கறிஞர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கும் உத்தரவு போனது. நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்து, 2014 தீர்ப்பும் சரியல்ல என்று அறிவித்துவிட்டது.

தீர்ப்பின் சாரம் எளியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் என்றுதான் 7-ஏ சொல்கிறது. ஊரறியச் செய் என்று சொல்லவில்லை. வீட்டு எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சி ஒதுங்கி மணக்கும் இருவரைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொன்னால், அந்த நிபந்தனையே அவர்கள் உயிருக்கு உலை வைக்கலாம் என்கிறது உச்ச நீதிமன்றம்.

நாம் இதை முழுமனதாக வரவேற்கிறோம். ஆனால் தீர்ப்பை அரைகுறையாகப் படித்துவிட்டு ஆட வேண்டாம். வழக்கறிஞர் என்ற ஹோதாவில் திருமணம் நடத்தக் கூடாது. நண்பராகவோ உறவினராகவோ சமூக ஆர்வலராகவோ முன்னிருக்கலாம் என்பதே நிலை. ஆகவே லெட்டர்ஹெட் வேண்டாம், என்ரோல்மென்ட் எண் வேண்டாம், ரப்பர் ஸ்டாம்ப் வேண்டவே வேண்டாம். சான்றிதழை விலைக்கு விற்கும் கடைகள் நம் நடுவிலும் உண்டு என்பதை மறுக்க முடியாது. 2014 தீர்ப்புக்கு வழிவிட்டதில் அவற்றுக்கும் பங்குண்டு. மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்ன வாசகம், மாலையோ மோதிரமோ தாலியோ, முகவரியோடு சாட்சிகள், ஒரு புகைப்படம் ஆகியவை கோப்பில் இருக்கட்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இதுவரை சட்டம். இனி இந்தப் பத்தியின் பழைய புலம்பல்.

1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றானது. 1967இல் அண்ணா அரசு 7-ஏ கொண்டுவந்து அதைச் செல்ல வைத்தது. புரோகிதரை விலக்கிய அரசியல் ஒன்று சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது அப்போதுதான். ஆனால் அது ஏறிவந்த வண்டி இந்து திருமணச் சட்டம். பிரிவின் தொடக்கத்திலேயே ‘இரு இந்துக்கள்’ என்று நிற்கிறது. மதச் சடங்கை மறுத்து மணக்க வருகிறவர், முதலில் தாம் இந்து என்று காட்டியாக வேண்டும்! இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்ணும் இந்துக் குடும்பத்துப் பையனும் கடவுளே இல்லை என்பவர்களாக இருந்தாலும் பெரியார் வழித் திருமணத்துக்குச் சட்டப்படி வழியில்லை. அவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் கதி.

அந்தச் சட்டத்தின் வாசலில் இருப்பது, மணக்கப்போகிறவர்கள் தரும் அறிவிப்பை ஆட்சேபணைக்காக முப்பது நாள் ஒட்டிவைக்கும் பலகை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஜோடியோடு ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். மாடிப்படி திரும்பும் இடத்தில் கண்ணாடி போட்ட பலகை. பூட்டு துருப்பிடித்து, கண்ணாடி ஒரு மூலையில் விரிந்திருந்தது. உள்ளே பெயர், வயது, தொழில், தந்தை பெயர், கதவு எண் உட்பட முகவரி, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் படம். பத்திரம் பதிய வந்தவர் போலத் தெரியாத ஓர் இளைஞர் அதைச் செல்போனில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அறிவிப்புப் புத்தகத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பது 6ஆம் பிரிவு.

கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். முதலில் “அப்பா அம்மா ஆதார் இருக்கா சார்?” என்றார். சட்டத்தில் இல்லையே என்றோம். குரலைத் தாழ்த்தி, “எதுக்கு சார் முப்பது நாள்? பொண்ணை மாறச் சொல்லுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்றார். மதச்சார்பற்ற சட்டத்தின் கவுன்ட்டரில் இலவசமாகக் கிடைத்த ஆலோசனை, மதம் மாறுங்கள் என்பது!

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அறிவிப்பை வெளியிடாமல் மணம் முடித்துவைத்தால் 46ஆம் பிரிவின்படி அவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பொய்யாக ஆட்சேபணை எழுப்பி அந்த ஜோடியை அலைக்கழித்தவருக்கு 9ஆம் பிரிவில் உச்சமாக ஆயிரம் ரூபாய்தான் செலவுத்தொகை. அதுவும் 1954இல் வைத்த தொகை. அந்த இந்துப் பையன் கூட்டுக்குடும்பத்தவர் என்றால், 19ஆம் பிரிவு அவரைக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகவே கொள்ளும். 1976இல் சேர்த்த 21-ஏ அந்தச் சுமையை இறக்கிவைத்தது, இருவரும் இந்துவாக இருந்தால் மட்டும்.

தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்களே என்பார்கள் சிலர். அங்கே கேட்பது மணமக்களை அறிந்த சபை. இங்கே படம் பிடித்துப் போகிறவரை யாருக்கும் தெரியாது. கேரளம் 2020இல் இணையதளத்தில் இந்த அறிவிப்புகளை ஏற்றுவதை நிறுத்தியதே, அவற்றை எடுத்து மதவெறியோடு பரப்பியவர்களால்தான்.

2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, மணமக்கள் எழுதிக் கேட்டாலொழிய அறிவிப்பு ஒட்ட வேண்டியதில்லை என்றது. அந்த வழக்கின் பெண் மதம் மாறி மணந்தவர். சிறப்புச் சட்டத்தை நாடாததற்கு அந்த ஜோடி சொன்ன காரணங்களில் இந்த முப்பது நாளும் ஒன்று. திருமணத்துக்காக மதம் மாறுவதைத் தடுக்கிறோம் என்று 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டதும் அதே உத்தரப் பிரதேசம்தான். மாறினால் குற்றம், மாறாவிட்டால் பலகை. காதலில் மதம் பார்க்காத இருவரை மத அரசியலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது அரசின் சட்டமேதான்.

இப்போது 7-ஏ தீர்ப்புக்குத் திரும்புவோம். அந்த அமர்வின் மூத்த நீதிபதி ரவீந்திர பட் 2009இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது, சிறப்புச் சட்ட அறிவிப்பை மணமக்களின் வீட்டுக்கு அனுப்புவது தவறு, அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று தீர்ப்பளித்தவர். பதினான்கு ஆண்டு கழித்து அதே காரணம் 7-ஏ வழக்கில் ஒலிக்கிறது. இரு இந்துக்களுக்குப் பகிரங்கம் உயிர் ஆபத்து என்றால், ஆபத்து கூடுதலாக உள்ள கலப்பு மத ஜோடிக்கு அதுவே எப்படிச் சட்டக் கடமையாகும்? அரசியல் சட்டத்தில் சமத்துவம் பேசும் 14ஆவது கூறை வைத்துக்கொண்டு இதற்கு யார் பதில் சொல்வது? ஒருபுறம் ஆணவக் கொலைகளுக்கு எதிரான உச்ச நீதிமன்றத்தின் சக்தி வாகினி தீர்ப்புப்படி காதல் ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் வைப்பதைப் பரிசீலிக்க வேண்டிய அரசு, மறுபுறம் அவர்கள் கதவு எண்ணைப் பலகையில் ஒட்டுகிறது.

திருமணம் பொதுப் பட்டியலில் ஐந்தாவது இனம். 1967இல் மத்தியச் சட்டமொன்றைத் திருத்தி, பின்னர் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கிய மாநிலம் இது. அதே வழியில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 6, 7ஆம் பிரிவுகளைத் திருத்த அதன் பின் எந்த ஆட்சிக்கும் நேரம் கிடைக்கவில்லை. மேடைக்கு மேடை ‘பெரியார் மண்’ என்கிறார்கள். அந்த மண்ணில் மாடிப்படி ஓரப் பலகை மட்டும் அசையவில்லை. ஒப்புதல் வருமோ வராதோ, ஒரு மசோதா கொண்டுவருவதற்குக் கூடவா தடை? பெற்றோர் ஆதாரைக் கேட்காதே என்று சுற்றறிக்கை விட ஒப்புதல்கூடத் தேவையில்லையே.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சட்டத்தில் இல்லாத காகிதம் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கோரிக்கை அங்கேயே கரைந்துவிடும். கரையாவிட்டால் ரிட் போடுங்கள். 2009 டில்லி தீர்ப்பையும் 2023 ஆகஸ்ட் 28 தீர்ப்பையும் சேர்த்தே வையுங்கள்.

நம்மோடு வந்த அந்தப் பெண் படியிறங்கும்போது பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நாங்க ரெண்டு பேருமே சாமி கும்பிடறதில்ல சார். எங்க ரெண்டு பேருக்குமா மாலை மாத்தி முடிச்சுக்க ஒரு சட்டம் இல்லையா?” முப்பது நாள் பொறுங்கள் என்றோம். அதைவிட நல்ல பதில் அன்றைக்கும் நம்மிடம் இல்லை, இன்றைக்கும் இல்லை.