நைட் டூட்டி முடிந்த கையோடு ஊசி வேண்டாம்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் ஓய்வுபெற்ற செவிலியர். மருத்துவமனை ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசியோ ஃப்ளூ ஊசியோ போடும் நாளில், நைட் டூட்டி முடித்து இறங்குபவர்களைத்தான் முதலில் வரிசையில் நிறுத்துவார்கள். வீட்டுக்குப் போய்விட்டால் திரும்ப வரவழைப்பது கஷ்டம் என்பது காரணம். அன்றிரவே அவர்கள் மறுபடி வார்டில் நிற்பார்கள். இந்த வழக்கத்தை நிறுத்தி ஓர் உத்தரவு போடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஊசி மருந்து கிருமியின் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை நினைவில் பதித்துக்கொள்ள வேண்டியது உடம்பு. அதற்குத் தூக்கம் பெரிய துணை. முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் கார்டிசால் தாழ்கிறது, வளர்ச்சி ஹார்மோன் உயர்கிறது, ரத்தத்தில் சுற்றும் டி அணுக்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்குள் இறங்குகின்றன. கிருமியின் துண்டை ஏந்தி வரும் அணுக்களை அவை சந்திப்பது அங்கேதான்.

ஜெர்மனியின் லூபெக் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. ஹெபடைடிஸ் ஏ ஊசி போட்ட அன்றிரவு சிலரைத் தூங்க விட்டார்கள், மற்றவர்களை விழித்திருக்க வைத்தார்கள். நான்கு வாரம் கழித்து, தூங்கியவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஒரே ஓர் இரவு செய்த வேலை! கலந்துகொண்டவர்கள் 19 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் 2002-இல் சிகாகோ ஆய்வாளர்களும் இதே திசையைத்தான் காட்டினார்கள்: தினம் 4 மணி நேரமே தூங்கவிடப்பட்ட இளைஞர்களுக்கு, ஃப்ளூ ஊசி போட்ட பத்தாம் நாளில் எதிர்ப்பொருள் மற்றவர்களுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை.

பகலில் தூங்கி ஈடுகட்டலாமே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. ஆனால் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உடற்கடிகாரம் முக்கியமாகக் கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்தே தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. காலை வெயிலில் பஸ் பிடித்து வீடு சேர்பவளின் உடம்பில் கார்டிசால் உச்சத்தில் இருக்கும். குக்கர் விசிலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அவளுக்குக் கிடைக்கும் அரைத் தூக்கம் இராத்தூக்கம் ஆகாது. இதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடமும், பொழுது தெரியாத அறையில் தங்கவைத்த மனிதர்களிடமும் இந்தக் கடிகாரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். அவர் வளர்த்த துறையில் தேர்ந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நைட் டூட்டி வாரத்தில் ஊழியருக்கு ஊசி போடக்கூடாது. போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு இரவாவது அவர் வீட்டில் தூங்கும்படி டூட்டி லிஸ்ட் அமைய வேண்டும். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசியும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, 10 mIU/mL-க்குக் கீழே இருந்தால் மீண்டும் போட வேண்டும். நோயாளிக்குக் குத்திய ஊசி தன் விரலிலும் குத்திவிடும் வேலை இது. போட்டுக்கொண்ட தடுப்பூசி பிடித்ததா என்று தெரியாமலே பணிக்காலம் முழுதையும் கழிக்கும் பெண்கள் நிறைய.

இதற்குப் புதிய பணியிடம் எதுவும் உருவாக்க வேண்டாம். அடுத்த மாத டூட்டி லிஸ்ட் எழுதும் முன் உத்தரவு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்