கதிர் சிகிச்சை முடிந்தாலும் கிளினிக் முடியவில்லை



நம் லயங்களில் வெற்றிலை போடாத வீடு குறைவு. மலைக்குப் போகுமுன் ஒரு வாய், தேத்தண்ணிக்குப் பின் ஒரு வாய். பாக்கும் புகையிலையும் சேர்ந்த அந்தப் பழக்கம் பலருக்கு வாய்ப்புற்றைக் கொண்டுவந்தது. மஹரகமவுக்கோ கண்டிக்கோ போய், கழுத்துக்குக் கதிர் சிகிச்சை எடுத்து, பிழைத்து வந்து மீண்டும் கூடை மாட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மாயியும் அப்படி வந்தவர்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் கொழுந்து பறிக்கும்போது வலது கை சோர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சரியானதும் குளிர்தான் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார். இரண்டு வருடமாக அவர் கிளினிக் போகவில்லை. போனால் அன்றைய பேர் போய்விடும் என்ற பயம்.

கதிர் புற்றை அழிக்கிறது. ஆனால் கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களின் உட்சுவரையும் அது தாக்கலாம். சுவர் தடித்து, கொழுப்புப் படிந்து, குழாய் ஒடுங்கும். பல வருடம் கழித்தே இது தெரியவரும். பிரஷர், சீனி வருத்தம், பீடி சிகரட் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே கிளினிக்கில், "கழுத்துக்குக் கதிர் எடுத்தவர், இரத்தக் குழாய்க்கு ஸ்கேன் தேவையா?" என்று கேளுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பணம் கட்டத் தேவையில்லை. ஒப்பரேஷனால் முன்பே வாய் கோணியவர்களிடம் புதிதாக என்ன மாறியது என்று பாருங்கள். தானாகச் சரியானாலும் போக வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். கதிர் பட்ட வாயிலோ கழுத்திலோ கொஞ்சம் இரத்தம் கசிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரிதாக அது குழாய் வெடிக்கப் போவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான்: கிளினிக் கொப்பியைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது. அவசரத்துக்குத் தோட்ட வாகனம் இரவிலும் கிடைக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளிடம் கேட்பது: உங்கள் லயத்தில் கதிர் எடுத்தவர் யார் என்று தெரிந்து வையுங்கள். அவருடைய அடுத்த கிளினிக் நாளைக் கேளுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் ஒருவர் கூடப் போங்கள். புற்றிலிருந்து மீண்டவரை ஒரு நாள் பேருக்காக இழக்கக் கூடாது.