கண்மாயை விட்டுவிட்டுக் கழிமுகமா?

உலக வங்கி உதவியோடு 1,675 கோடி ரூபாயில் கடலோர வாழிடங்களை மீட்கும் தமிழகத் திட்டத்தை 14 கடலோர மாவட்டங்களோடு நிறுத்திக்கொண்டது பெரும் தவறு. விருதுநகர் மாவட்டத்துக்கு அதில் இடமில்லை. எல்லை வகுத்தவர்களுக்குக் குண்டாறு நினைவுக்கே வரவில்லை போலும்.

திருமங்கலம், விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி, கமுதி வழியாக ஓடி மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் ஆறு அது. கழிமுகத்தில் ஆளிச் சிப்பியும் மட்டியும் தழைக்க, கடல் நீரோடு ஆற்று நீரும் கலக்க வேண்டும். வெள்ளம் வராத ஆண்டுகளில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். உள்ளே தேங்கிய நீர் வெயிலில் வற்றிக் கடலைவிடக் கரிக்கும். அங்கே சிப்பிக் குஞ்சுகளை விட்டால் எப்படிப் பிழைக்கும்?

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களிலேயே ஆளி வளர்ப்பை ஆராய்ந்தார்கள். 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். இத்தனை அறிவு கையில் இருந்தும் ஆற்றின் மேல்பகுதியைக் கணக்கில் சேர்க்க அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆளிப் படுகைகள் அழிந்தபோது, அந்த விரிகுடாவில் ஒரு முழக் கரைகூட இல்லாத நியூயார்க், மேற்கு வர்ஜீனியா மாநிலங்களையும் 2010-இல் தூய்மைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து வரும் நீர்தானே விரிகுடாவில் சேர்கிறது!

நம் வானம் பார்த்த பூமியில் ஒரு சொட்டு நீரையும் விட மனம் வராது. அது நியாயம். ஆனால் கண்மாய்கள் தூர் வாரப்பட்டு, வரத்துக்கால்கள் திறந்திருந்தால் விவசாயியின் வயலும் நனையும். நல்ல மழையில் மறுகால் பாய்ந்து கழிமுகத்துக்கும் போகும். கடலில் கலப்பதெல்லாம் வீண் என்ற பழைய பாடத்தையே இன்னும் ஒப்பிப்பவர்களுக்கு இது எப்போது புரியும்?

ஆட்சியாளர்களின் பழைய சாதனைகளையும் நாம் மறக்கவில்லை. விறகுக்கு ஆகும் என்று சீமைக் கருவேல விதையைத் தூவிக் கண்மாய்களைப் பாழாக்கினார்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன பிறகும் திருச்சுழிப் பக்கம் அது காடாகவே நிற்கிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்; அந்தத் தண்ணீர் குண்டாற்றை இன்னும் எட்டவில்லை. ஆற்று மணலை அள்ளவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இப்போது ஆற்றின் வாலை மட்டும் கழுவப் புறப்பட்டிருக்கிறார்கள்.

குண்டாற்றை ஒரே ஆறாக எண்ணி இந்தக் கடலோரத் திட்டத்தைத் திருத்த வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி விவசாயிகளும் மூக்கையூர் மீனவர்களும் ஒன்றாகக் குரல் கொடுக்காமல் அது நடக்காது.