காசு கொடுத்தால் சிங்கம் வந்து நிற்குமா?

சிங்க வேட்டைக்கு 50,000 டாலர் கொட்டிக் கொடுத்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அது வழிகாட்டியின் தோல்வியாம். நண்பர் வாதிடுகிறார். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவரின் கணக்கு இது.

ஆப்பிரிக்க வேட்டையில் பொதுவாகக் கட்டணம் இரண்டு. நாள் கட்டணம் தடம் பார்ப்பவரின் கண்ணுக்கும் ஜீப்புக்கும் கூடாரத்துக்கும். விலங்குக்கான கட்டணம் தனி, அது விழுந்தால்தான். (காயப்பட்டுத் தப்பினாலும் பெரும்பாலும் முழுத் தொகை கட்ட வேண்டும்.) ஆக, கிடைக்காமலும் போகலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உத்தரவாதம்தான் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களை வேலிக்குள் வளர்த்துச் சுடவிட்ட பண்ணைகள் உண்டு. அதை வேட்டை என்று சொல்ல வேட்டைக்காரர்களிலேயே பலருக்கு வாய் கூசுகிறது.

தான்சானியாவில் 6 வயது நிரம்பாத சிங்கத்தைச் சுடக்கூடாது. பயணத்தின் கடைசி நாள், எதிரே ஓர் ஆண் சிங்கம், வாடிக்கையாளரின் விரல் விசையில். அப்போது "வேண்டாம், இது இளசு" என்று சொல்பவர்தான் வழிகாட்டி. நண்பரின் நியாயப்படி அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்; டிப்ஸ் போய்விடுமே!

காசுக்குச் சிங்கம் கிடைத்த வேட்டையும் உண்டு. 2015இல் சிம்பாப்வேயின் ஹுவாங்கே பூங்காவுக்கு வெளியே அம்பு பட்ட சிசில் என்ற சிங்கம், ஆய்வாளர்கள் மாட்டிய கழுத்துப்பட்டையோடு மணிக்கணக்கில் காயத்துடன் கிடந்த பிறகே கொல்லப்பட்டது. அந்த வேட்டையின் விலையும் சுமார் 50,000 டாலர் என்றுதான் செய்தி வந்தது.