உள்விலாசம்

கொத்மலைக்கும் இணையத்துக்கும் உள்ள உறவு பழையது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியில், 1990களின் பிற்பகுதியில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி உள்ளூர் மொழியில் ஒலிபரப்புவார்கள். வெளிநாட்டு ஊடகத்துறையினரும் அதைப் பற்றி வியந்து பேசினார்கள்.

அண்மையில் அப்பகுதித் தோட்டம் ஒன்றில், மாலை வகுப்பு நடத்தும் இளம் ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். பழைய கணினிகள் இரண்டு. ஒன்றிலுள்ள பாடங்களை மற்றதில் திறக்க வேண்டும். "என் விலாசம் என்ன?" என்று இணையத்தளம் ஒன்றில் தேடியிருக்கிறார். இரண்டு கணினிகளுக்கும் ஒரே எண் வந்தது. குழம்பிப் போயிருந்தார்.

குழப்பத்துக்குக் காரணம் எளியது. அத்தளம் காட்டியது வெளிவிலாசம். அது வீட்டிலுள்ள ரூட்டருக்கு உரியது. நான்காம் பதிப்பு இணைய விலாசங்கள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடிதான். அவை போதா என்பதால், உள்வலையமைப்புகளுக்கென்று சில எண் வரிசைகளை 1994இல் ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று; 10 என்று தொடங்குவது இன்னொன்று.

நமக்கு வேண்டியது அந்த உள்விலாசம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். திறக்கும் கறுப்புச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டினால் பட்டியல் ஒன்று வரும். நீங்கள் பயன்படுத்தும் இணைப்பின் கீழ், 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரிக்கு எதிரே இருப்பதே உங்கள் உள்விலாசம். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து கணினிக்கு விலாசம் கிடைக்கவில்லை என்று பொருள், இணைப்பைச் சரிபாருங்கள். இந்த எண் நாளை மாறவும் கூடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அன்று 192.168.1.4, 192.168.1.7 என்று இரு எண்கள் கிடைத்தன. பாடங்கள் திறந்தன. அப்போது ஒரு மாணவி சொன்னாள்: "சேர், இது நம்ம லயம் மாதிரி. எல்லாருக்கும் தோட்டத்து விலாசம் ஒண்ணுதான்."

நான் பேச்சற்றுப் போனேன். எத்தனையோ தோட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு இன்றும் தோட்டத்தின் பெயரே விலாசம். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறி லயக் காம்பராவுக்கு வர வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்தபின் கைக்கு வந்த அழைப்புக் கடிதங்களை என் பத்திரிகை வாழ்வில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடகு நகை ஏலம் போன பிறகு வந்த வங்கி அறிவித்தலையும் பார்த்திருக்கிறேன்.

ரூட்டரும் ஒரே வெளிவிலாசத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஆனால் உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் கொடுக்கிறது. எந்தக் கணினி எதைக் கேட்டது என்று அட்டவணை வைத்து, வந்த பதிலை உரிய இடத்தில் சேர்க்கிறது. ஒரு சிறிய பெட்டி தவறாமல் செய்யும் இக்காரியத்தை, இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டுக்கு உழைத்த மக்களுக்கு நிர்வாகங்களால் செய்ய முடியாதா?

1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமைப் பிரச்சினை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் சட்டரீதியாக முடிவுக்கு வந்தது. குடிமகனுக்கு வாக்குச்சீட்டு மட்டும் போதாது. கடிதம் வந்து சேரும் கதவும் வேண்டும். லயங்களுக்கும் பாதைகளுக்கும் பெயர், வீடுகளுக்கு இலக்கம், வாசல்வரை வரும் தபால்காரர் ஆகிய மூன்றுமே கோரிக்கை. பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல இது. தேர்தல் காலத்தில் லயம் லயமாக வந்து வாக்குக் கேட்பவர்களிடம், அடுத்த முறை இதைக் கேளுங்கள்.